செட்டிநாட்டில் கைப்பணம் போட்டுச் சாப்பிட: மெஸ்ஸா, மாளிகையா, பலகார வீடா?

பத்திரிகைகளுக்குப் படம் வரைந்தும் கட்டுரை எழுதியும் பிழைக்கிற என்னைப் போன்றவர்கள் செட்டிநாட்டுக்குப் போவது வயிற்றுக்காக மட்டும் அல்ல. சாப்பிட்டது பிறகு படமாகவோ கட்டுரையாகவோ மாறிப் பஸ் செலவையாவது மீட்டுத் தர வேண்டும். அதனால் ருசி எங்கே கூடுதல் என்பதோடு, அடுப்பு எங்கே கண்ணில் படும் என்பதையும் பார்த்தாக வேண்டும். காரைக்குடி வட்டாரத்தில் வழி மூன்று: டவுனில் இருக்கும் மெஸ்கள், விடுதியாகிவிட்ட நகரத்தார் மாளிகைகள், பலகாரம் சுட்டு விற்கும் வீடுகள்.

மெஸ்ஸில் உட்கார்ந்த கையோடு இலை விழும், சோறு வரும், விலையும் கையைக் கடிக்காது. மட்டன் சுக்கா, கோழி வறுவல், காடை, நண்டு என்று தட்டுகள் அடுக்கடுக்காக நிற்கும். குறை என்னவென்றால் எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே காரம். 'செட்டிநாடு' என்று பலகை மாட்டிய வெளியூர் ஓட்டல்கள் பழக்கிவிட்ட காரம் இப்போது சொந்த ஊருக்கே குடிவந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். வீட்டுச் சமையல் இப்படி நாக்கை எரிப்பதில்லை. அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து வைக்கும் வெண்டைக்காய் மண்டியும், இட்லிக்கும் இடியாப்பத்துக்கும் தோதான கத்தரிக்காய்க் கோசமல்லியும் மெஸ்ஸில் எளிதில் அகப்படாது. மசாலாப் பொடி சேராமல் சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாயோடு வதக்கும் உப்புக்கறி இருந்தால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள். கல்பாசி என்ற சரக்கைக் கொஞ்சம் கையில் கொடுக்கச் சொல்லிக் கேட்டும் பாருங்கள். மரத்திலும் பாறையிலும் படர்வது. காய்ந்த நிலையில் கருகிய காகிதத் துண்டு மாதிரி இருக்கும், பெரிதாக மணக்காது. சூடான எண்ணெயில் விழுந்த பிறகுதான் அதன் வேலை தெரியும். ஆனால் முதுகுக்குப் பின்னால் ஒருவர் இடத்துக்காகக் காத்து நிற்கும்போது நோட்டை விரித்து வரைய முடியுமா?

அந்த நிம்மதியைத் தருவது மாளிகை. காரைக்குடியில் 'பங்களா', கானாடுகாத்தானில் 'விசாலம்', கடியாபட்டியில் 'சிதம்பர விலாஸ்' போன்றவை இந்த வகை. மதியச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. ஒருவேளைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் மெஸ்ஸில் சில நாட்களை ஓட்டிவிடலாம், அதில் ஒளிவுமறைவு இல்லை. அதற்கு ஈடாகக் கிடைப்பது நிதானம். ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தரையை உட்கார்ந்து வரையலாம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்துச் சாயமும் சிமெண்டும் ஊற்றி வார்த்த கற்கள், அந்தக் கண்ணாடிதான் மேற்பரப்புக்கு வழவழப்பைத் தருகிறது. பர்மாவில் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்யப் போன நகரத்தாரோடு கப்பலேறி வந்த கவுனி அரிசியும், பெயரிலேயே ஊரைச் சுமக்கும் ரங்கூன் புட்டும் இங்கேதான் சாவகாசமாக வந்து சேரும். கவுனி அரிசியை இரவெல்லாம் ஊறவைத்து, நெடுநேரம் வேகவைத்து, சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்க்கிறார்கள். பாத்திரத்தில் கறுப்பு, இலையில் பரப்பினால் ஊதா. நீர்வண்ணத்தில் அந்த நிறத்தைப் பிடிப்பது படாதபாடு.

மாளிகையின் குறையை அதன் கட்டுமானமே சொல்லிவிடும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் போய் முடிகிற வீடு. விருந்தாளிக்கு முன்கட்டு, அடுப்படி கடைசிக் கட்டில். சில விடுதிகளில் சமையல் செய்து காட்டுகிறார்கள் என்றாலும், காட்டுவதற்கென்று செய்யும் சமையலில் கைகள் கொஞ்சம் நடிக்கத்தான் செய்கின்றன.

என் ஓட்டு பலகார வீட்டுக்கு. காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, அதிரசம் என்று கிலோ கணக்கில் சுட்டு, உள்ளூர்க் கல்யாண வீடுகளுக்கும் கடல் கடந்த உறவுகளுக்கும் அனுப்புகிறார்கள். ஒரு கிலோ வாங்கிவிட்டு, "ஆச்சி, ஓரமாக உட்கார்ந்து வரையட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. வெள்ளைப் பணியாரம் சுடுவதைப் பார்க்கக் கிடைத்தால் மற்ற வேலையை ஒத்திவையுங்கள். ஓர் ஆழாக்குப் பச்சரிசியை நிரப்பி, அதன் தலையில் உளுந்தைக் குவிக்கிறார்கள். "கோபுரமாக நிற்கிற அளவுதான் தம்பி, சரிந்து விழுந்தால் அதிகம்" என்றார் ஓர் ஆச்சி. தராசு தேவைப்படாத அளவு இது. வெண்ணெய் போல அரைத்த மாவில் ஒரு கரண்டி, ஒரே ஊற்றாக எண்ணெயின் நடுவில் விழுகிறது. அடியில் போய் மேலே எழும்பி, ஓரம் சுருக்கம் விட்டு விரிகிறது. திருப்பிப் போட்டு, சிவக்கும் முன்னே எடுத்துவிட வேண்டும். ஒரு நேரத்துக்கு ஒன்றுதான். தொட்டுக்கொள்ளக் காரமான மிளகாய்ச் சட்னி. இதை மாளிகையிலும் பரிமாறுவார்கள்தான், ஆனால் அடுப்பிலிருந்து உங்கள் கைக்கு வருவதற்குள் அந்த ஓரத்து மொறுமொறுப்பில் பாதி போய்விடும்.

பலகார வீட்டில் முழுச் சாப்பாடு கிடைக்காது, எண்ணெய்ப் புகையில் காகிதம் பிசுபிசுக்கும், கல்யாண மாதங்களில் உங்களைக் கவனிக்க யாருக்கும் நேரம் இருக்காது. ஆடியில் போனால், உளுந்து மாவில் செய்யும் இனிப்பான கும்மாயம் கிண்டுவதைப் பார்க்கலாம்.

குடிப்பதற்கு என்ன? ஒயினோடு சேர்த்துச் சாப்பாட்டை எழுதித் தாருங்கள் என்று கேட்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இந்த மண்ணில் அதற்கு வேர் இல்லை. மதுச் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். கள்ளுக்கு 1987 முதல் தடை. கல்பாசியும் சோம்பும் மிளகும் போட்ட வறுவலுக்குப் பக்கத்தில் ஒயின் கோப்பையை வைத்து எழுதுவது எனக்குப் படத்துக்காகப் போட்ட வேஷமாகவே படுகிறது. உள்ளூர்ப் பானம் என்றால் பதநீர்தான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதால் புளிக்காமல் இருக்கிறது. தடவாவிட்டால் அது கள். கோடையில், அதுவும் காலையிலேயே தேடிப் போக வேண்டும்.

தேநீர் விஷயத்தில் பீற்றிக்கொள்ள எதுவும் இல்லை. இந்த வறண்ட பூமியில் தேயிலை விளையாது, கடைகளில் கொதிப்பது மலையிலிருந்து வந்த தூள். ஆனாலும் ஒயினா டீயா என்றால் நான் டீப் பக்கம். காரைக்குடி டீக்கடை பெஞ்சில்தான், இன்று எந்த வீட்டில் மனகோலத்துக்குப் பாகு காய்கிறது என்பது தெரியவரும்.

தங்குவதற்கும் காரைக்குடியே மேல். கானாடுகாத்தானுக்கு அங்கிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர்தான், பஸ்ஸில் போய்வந்துவிடலாம். அங்கேயே அறை எடுத்தால், இருட்டிய பிறகு விடுதிச் சாப்பாட்டை விட்டால் வேறு போக்கிடம் அதிகம் இல்லை, அந்த விலைக்கு எந்தப் பத்திரிகையும் பில் போட விடாது.