25 டாலர் வகுப்பில் என்ன கிடைக்கும்?

சியாட்டில் பக்கம் குடியிருக்கும் தமிழர்கள் எல்லோரும் மென்பொருள்காரர்கள் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அண்ணன் குடியேற்ற மனுப் போட்டு வந்து சேர்ந்தவர்கள், பத்தாம் வகுப்புக் கணக்கில் தோற்றுப்போய்த் திருப்பூரில் பவர் டேபிள் என்ற தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தவர்கள் என்று எங்களைப் போன்றவர்களும் இங்கே உண்டு. இந்த மதிப்புரை அவர்களுக்காக. வாஷிங்டன் மாநிலத்துக் கம்யூனிட்டி கல்லூரிகள் பள்ளிப் படிப்பை முடிக்காத பெரியவர்களுக்காக நடத்தும் வயது வந்தோர் அடிப்படைக் கல்வியில் படித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். குறையும் சொல்லப் போவதால் என் கல்லூரியின் பெயரைச் சொல்லவில்லை.

கட்டணம் ஒரு காலாண்டுக்கு 25 டாலர். அதையும் கட்ட முடியாதவர்கள் விலக்குக் கேட்கலாம். ஆங்கிலம் மட்டும் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கும் இதே கட்டணம்தான். ஊரில் பட்டம் வாங்கிய பெண்கள் பலர் அந்த வகுப்பில் இருக்கிறார்கள். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு மட்டும் இடமில்லை. அரசுப் பணத்தில் நடக்கும் வயது வந்தோர் கல்விக்கு அந்த விசாவில் வரக்கூடாது என்பது நாட்டின் சட்டம். அலுவலகத்தில் போய் வாதாடிப் பயனில்லை.

சேர்வதற்கு முன் காசாஸ் என்ற தேர்வு எழுத வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. மருந்துப் புட்டியில் ஒட்டிய சீட்டு, பஸ் நேர அட்டவணை, வேலை விளம்பரம் போன்றவற்றைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். அந்த மதிப்பெண்ணை வைத்து எந்த நிலை என்று முடிவு செய்வார்கள். எரிச்சல் வருவது பிறகுதான். குறிப்பிட்ட மணி நேரம் வகுப்பு முடிந்ததும் மறுபடி அதே வகைத் தேர்வு. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாணவர்கள் முன்னேறினார்கள் என்று காட்டினால்தான் கல்லூரிக்குக் கூட்டாட்சி அரசின் பணம் ஒழுங்காக வரும். கணக்குக் கேட்பது நியாயம். ஆனால் பின்னக் கூட்டல் அப்போதுதான் பிடிபடத் தொடங்கியிருக்கும்போது, பாடத்தை மூடிவிட்டுக் கணினி அறைக்குப் போகச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

கற்பிப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஐம்பது வயதுக்காரரைக் குழந்தைபோல நடத்தாமல் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பது எளிதல்ல; என் கணக்கு ஆசிரியைக்கு அது கைவந்த கலை.

அடிப்படை வகுப்புக்குப் பின் வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஜிஇடி, பள்ளிச் சான்றிதழுக்கு இணையான தேர்வு. இரண்டாம் உலகப் போருக்குப் போன படைவீரர்களுக்காக 1942இல் தொடங்கியது இது. மொழி, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று நான்கு தாள்கள். ஒவ்வொன்றிலும் 145 எடுத்தால் தேர்ச்சி. ஆங்கிலத்திலோ ஸ்பானிய மொழியிலோ எழுதலாம், தமிழில் கிடையாது. தேர்வு எழுதுவதில் துணிச்சல் உள்ள இளைஞர்களுக்கு இதுதான் குறுக்குவழி.

மற்றது ஹைஸ்கூல் பிளஸ். என் வயதுக்காரர்களுக்கு இதைத்தான் சொல்வேன். இதில் ஒரே பெரிய தேர்வு என்று எதுவும் இல்லை. பழைய படிப்பு, வேலை அனுபவம் எல்லாவற்றையும் பார்த்து, தெரிந்ததற்குப் புள்ளி கொடுத்துவிட்டு, மீதியை மட்டும் படிக்கச் சொல்வார்கள். பத்தாம் வகுப்பில் தோற்ற மதிப்பெண் பட்டியலை அம்மா பீரோவில் வைத்திருந்தாள். தேர்ச்சி பெற்ற பாடங்களுக்கு அது உதவியது. தையல் வேலை அனுபவமும் தொழிற்பாடக் கணக்கில் சேர்ந்தது. முடிவில் கிடைப்பது உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழேதான்.

இதோடு சேர்த்தே படிக்கக்கூடியது ஐ-பெஸ்ட். இந்த மாநிலத்துக் கல்லூரிகளில் பிறந்து பிற மாநிலங்களுக்கும் போன முறை. ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் நிற்பார்கள்; ஒருவர் தொழில் சொல்லிக் கொடுப்பவர், மற்றவர் மொழியும் கணக்கும். நான் எடுத்தது செவிலியர் உதவியாளர் பயிற்சி. முதல் பாடம் கை கழுவுவது. விரல் நுனி முழங்கையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், குழாயை மூடும்போது வெறுங்கை படக்கூடாது என்று செவிலியர் செய்து காட்டுவார். உடனே மற்ற ஆசிரியை எழுந்து, இப்போது பார்த்ததை வரிசை மாறாமல் நான்கு வாக்கியத்தில் எழுதுங்கள் என்பார். நோயாளி குடித்த திரவத்தைக் குறித்துவைக்கும் பாடத்தில் ஒரு அவுன்ஸுக்கு 30 மில்லிலிட்டர். எட்டு அவுன்ஸ் கோப்பையில் முக்கால் குடித்திருந்தால் 180 என்று நான் சொன்னபோது, பக்கத்தில் இருந்த சோமாலியப் பெண் என் தாளை எட்டிப் பார்த்தாள். பள்ளியில் பின்னம் என்றாலே ஓடியவள் நான். நோயாளியின் படிவத்தில் எழுத வேண்டிய எண் என்றதும் அதே பின்னம் மண்டையில் ஏறிவிட்டது. இந்தக் கல்லூரியில் ஒன்றைத்தான் பாராட்டலாம் என்றால் இந்த இரட்டை ஆசிரியர் வகுப்பைத்தான் பாராட்டுவேன்.

இனி குறை. ஐ-பெஸ்ட் கல்லூரிப் பாடக் கணக்கில் வருகிறது. அதனால் 25 டாலர் அங்கே செல்லாது. கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். அறிமுகக் கூட்டத்தில் வண்ண வண்ண அம்புக்குறி போட்ட படம் காட்டினார்கள், அடிப்படை வகுப்பிலிருந்து வேலைவரை ஒரே நேர்கோடு. அந்தக் கோட்டின் நடுவில் கட்டணம் மாறுகிறது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. கட்டண ரசீது வந்த பிறகு வகுப்பை விட்டுப் போனவர்கள் உண்டு. உதவி இல்லாமலும் இல்லை. குறைந்த வருமானக்காரர்களுக்கு மாநிலத்தின் ஆப்பர்ச்சூனிட்டி கிராண்ட் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்களும் இப்படிப்பட்ட தொழில்வழிப் படிப்பில் சேர்ந்து, அங்கீகரித்த தேர்வில் தேறினாலோ ஆறு கிரெடிட் (கல்லூரிப் பாடப் புள்ளி) முடித்தாலோ, கூட்டாட்சியின் பெல் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. இதையெல்லாம் எடுத்துச் சொல்வதற்கென்றே நேவிகேட்டர் என்று ஒரு பதவி இருக்கிறது. நான் சேர்ந்த காலாண்டில் அந்த நாற்காலி காலி. மின்னஞ்சலுக்குப் பதில் வராமல், கடைசியில் கணக்கு ஆசிரியைதான் தன் இடைவேளையில் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். அது அவர் வேலையே அல்ல.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். கற்பித்தலுக்கு மட்டும் என்றால் ஐந்தும் கொடுப்பேன்.

இலையுதிர் காலாண்டு செப்டம்பர் கடைசியில் தொடங்கும். அறிமுகக் கூட்டத்துக்குப் போகும்போது மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், தோற்றதாக இருந்தாலும் பரவாயில்லை, கையோடு கொண்டுபோங்கள். அம்புக்குறிப் படம் போடும்போது கையைத் தூக்கி, எந்த இடத்தில் கட்டணம் மாறுகிறது என்று கேளுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் சீக்கிரம் பதியுங்கள். எங்கள் கல்லூரியில் மாலை வகுப்புதான் முதலில் நிரம்பியது.