அமெரிக்க விசாவுக்கு முன்னால் வரிக் கணக்கு: ராமநாதபுரத்தில் எங்களுக்குக் கிடைத்த நல்ல ஆள்

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு மாடியில் சின்ன ஆபீஸ். வாசலில் ஜி.எஸ்.டி., பான் கார்டு, வருமான வரி என்று வழக்கமான போர்டுதான் இருக்கும். உள்ளே இருப்பவர் அமெரிக்க வரிக் கணக்கும் போட்டுத் தருகிறார் என்பது நம் பக்கத்தில் நிறையப் பேருக்குத் தெரியாது. தன் பெயரும் நம்பரும் இணையத்தில் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நான் இங்கே போடவில்லை. ஆனால் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, தேவிபட்டினம் என்று இந்தக் கரை முழுக்க வெளிநாட்டு மாப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் அமெரிக்கப் பாஸ்போர்ட்டோ கிரீன் கார்டோ வைத்துக்கொண்டு வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களும் உண்டு. அவர்களுடைய மனைவிமாருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கதை இதுதான். என் கணவர் பிறந்தது நியூஜெர்சியில். மாமா அங்கே வேலை பார்த்த காலத்தில் பிறந்தவர், பள்ளிக்கூடம் சேரும் வயதில் கீழக்கரைக்கு வந்துவிட்டார். படித்தது இங்கே, வேலை துபாயில். அமெரிக்காவில் ஒரு நாள்கூடச் சம்பளம் வாங்கியதில்லை. பாஸ்போர்ட் மட்டும் அமெரிக்காவுடையது. எங்கள் கல்யாணம் 2023 டிசம்பரில் நடந்தது. 2024-இல் எனக்காக ஐ-130 என்கிற குடும்ப விசா மனுப் போட்டார். அது பாஸ் ஆகி என்.வி.சி.க்கு, அதாவது தேசிய விசா மையத்துக்குப் போனதும் அங்கே கேட்டது அஃபிடவிட் ஆஃப் சப்போர்ட் என்கிற ஐ-864 பத்திரம், அதாவது மனைவியின் செலவுக்கு நான் பொறுப்பு என்று கணவர் எழுதிக் கொடுப்பது. அதோடு கணவரின் கடைசி வருஷ அமெரிக்க வரி ரிட்டர்ன். அப்போதுதான் வீட்டில் எல்லோரும் விழித்தார்கள். துபாயில்தான் வருமான வரியே கிடையாதே, அமெரிக்காவில் சம்பாதிக்கவும் இல்லையே, எதற்கு ரிட்டர்ன்?

முதலில் ஒரு பெரிய ஊர் விசா கன்சல்டன்சியில் கேட்டோம். "அமெரிக்காவில் வருமானம் இல்லை, அதனால் ஃபைல் பண்ணத் தேவையில்லை என்று ஒரு லெட்டர் வைத்தால் போதும்" என்றார்கள். அந்த லெட்டருக்கும் ஒரு கட்டணம் சொன்னார்கள். நான் பி.காம். படித்தவள், எனக்கு மனசு ஒப்பவில்லை. சட்டப்படி ஃபைல் பண்ணக் கடமை இல்லாதவர்தான் அப்படி விளக்கம் எழுதலாம். கடமை இருந்தும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அது அரசாங்கத்துக்குக் கொடுக்கும் பொய்ப் பத்திரம். அதுவும் விசா ஃபைலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும்.

ராமநாதபுரம் ஆபீஸுக்குப் போனது என் சாச்சி மகன் சொல்லித்தான். கீழக்கரையிலிருந்து திருப்புல்லாணி வழியாகப் பஸ். அங்கே போனதும் அவர் விசா பற்றி எதுவும் கேட்கவில்லை. "தம்பி இதுவரைக்கும் 1040 போட்டிருக்காராம்மா?" என்பதுதான் முதல் கேள்வி. 1040 என்பது அமெரிக்க வருமான வரி ரிட்டர்ன் படிவம். இல்லை என்றதும் முகம் சுளிக்கவில்லை, பயமுறுத்தவும் இல்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதிக் காட்டினார்.

அமெரிக்கக் குடிமகன் உலகத்தில் எங்கே இருந்தாலும், எந்த நாட்டில் சம்பாதித்தாலும் அதை அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கிரீன் கார்டு இருப்பவருக்கும் அதே விதி. திருமணமானவர் தனியாக ஃபைல் பண்ணினால், ஃபைல் பண்ணும் கடமை தொடங்குகிற வருமான வரம்பு 5 டாலர். ஆயிரம் இல்லை, வெறும் ஐந்து. டிசம்பர் 31 அன்று கல்யாணம் ஆகியிருந்தால் அந்த வருஷம் முழுவதும் கல்யாணம் ஆனவர் என்றே கணக்கு. அப்படியென்றால் எங்களுக்கு 2022 தனி ஆள், 2023-உம் 2024-உம் திருமணமானவர்.

ஃபைல் பண்ணக் கடமை இருப்பது வேறு, வரி கட்ட வேண்டியிருப்பது வேறு. இதை அவர் பொறுமையாகச் சொன்ன பிறகுதான் உம்மாவுக்கு மூச்சு வந்தது. வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்ததில் ஒரு தொகை வரை ஃபார்ம் 2555 போட்டு விலக்கு வாங்கலாம். 2022-க்கு அந்தத் தொகை 1,12,000 டாலர், 2023-க்கு 1,20,000, 2024-க்கு 1,26,500. கணவரின் சம்பளம் மாதம் 14,000 திர்ஹம், ஒரு டாலர் 3.6725 திர்ஹம். வருஷத்துக்குச் சுமார் 45,700 டாலர். முழுவதும் விலக்குக்குள் வந்துவிட்டது. ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான் விலக்கு, சும்மா இருந்தால் கிடைக்காது. இந்த விலக்குக்கு ஒரு வழி, பன்னிரண்டு மாதத்தில் 330 முழு நாள் வெளிநாட்டில் இருந்திருப்பது. லீவுக்குக் கீழக்கரை வந்த நாட்கள் கழிந்துவிடுமோ என்று நான் கேட்டேன். கழியாது, அமெரிக்காவைப் பொறுத்தவரை கீழக்கரையும் வெளிநாடுதான் என்றார். பாஸ்போர்ட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, முத்திரைத் தேதிகளை ஒரு பேப்பரில் வரிசையாக எழுதி, எங்களையும் சரிபார்க்கச் சொன்னார்.

இனி எஃப்பார், அதாவது வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கை. எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் இதுதான், அவர் அதிக நேரம் செலவழித்ததும் இதில்தான். அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் கணக்குகளின் உச்ச இருப்பு எல்லாம் சேர்த்து, வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் தனியாக ஆன்லைனில் அறிக்கை கொடுக்க வேண்டும். இது வரி ரிட்டர்னோடு போவதில்லை, ஃபின்சென் என்கிற வேறு அமைப்புக்குப் போகிறது. துபாய்ச் சம்பளக் கணக்கு, கீழக்கரையில் இருக்கும் என்.ஆர்.இ. (வெளிநாட்டில் இருப்பவருக்கான) கணக்கு என்று இரண்டைத்தான் நாங்கள் எழுதிக்கொண்டு போயிருந்தோம். அவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். மாமியோடு சேர்ந்து ஜாயின்ட்டாக இருக்கும் கணக்கு வருமா? வரும், அதுவும் பாதி இல்லை, முழு இருப்பும். எல்.ஐ.சி. பாலிசி? சரண்டர் மதிப்பு இருந்தால் வரும், கிளையில் லெட்டர் வாங்கி வாருங்கள் என்றார். என் தனிக் கணக்கு? கணவருக்குக் கையெழுத்து உரிமை இல்லாததால் வராது. கல்யாண நகை? அது கணக்கு இல்லை, வராது. எஃப்பாரை வேண்டுமென்று விடாவிட்டாலும் ஒரு வருஷ அறிக்கைக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டியும் அபராதம் போகலாம். அபராதத்தைக் கணக்குக்குக் கணக்கு பெருக்கக் கூடாது, அறிக்கைக்கு ஒன்றுதான் என்று 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதையும் சொன்னார்.

என்.ஆர்.இ. டெபாசிட் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது என்பதால் அதை யாரும் வருமானமாகவே நினைப்பதில்லை. அமெரிக்கா அதை வருமானம் என்றுதான் பார்க்கும். 2555 விலக்கு உழைத்த காசுக்கு மட்டும், வட்டிக்குக் கிடையாது. எங்களுக்கு அந்த வட்டி, 2024-இன் நிலையான கழிவான 14,600 டாலருக்குள் அடங்கிவிட்டது. அதனால் வரி பூஜ்யம். மியூச்சுவல் ஃபண்ட் எங்களிடம் இல்லை என்றதும், "அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கங்கம்மா" என்று அவரே சிரித்தார். இந்திய ஃபண்டுகளுக்கு ஃபார்ம் 8621 என்று ஒரு தனித் தலைவலி இருக்கிறதாம்.

நான் மிகவும் மதிக்கும் விஷயம் அடுத்தது. புருஷன் பெண்டாட்டி சேர்ந்தே ஃபைல் பண்ணுங்கள், விசாவுக்கு நல்லது என்று பலரும் சொல்கிறார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி எனக்கு வாப்பா ஒரு வீடு கொடுத்திருக்கிறார், அதன் கீழ்த் தளம் வாடகைக்கு விட்டிருக்கிறது. கிரீன் கார்டு இன்னும் வராத மனைவி சேர்ந்து ஃபைல் பண்ண ஒப்புக்கொண்டால், அவளுடைய கீழக்கரை வாடகையும் இங்குள்ள வட்டியும் அமெரிக்கக் கணக்குக்குள் வந்துவிடும். அதோடு எனக்கு ஐ.டி.ஐ.என். என்கிற அமெரிக்க வரி நம்பர் வாங்க வேண்டும். அதற்கு ஃபார்ம் டபிள்யூ-7, அசல் பாஸ்போர்ட் அல்லது அதைக் கொடுத்த அலுவலகமே சான்றளித்த நகல். எப்படியும் வரி பூஜ்யம் என்னும்போது இவ்வளவும் எதற்கு? தனியாக ஃபைல் பண்ணி, மனைவி நம்பர் கேட்கும் கட்டத்தில் என்.ஆர்.ஏ. (அமெரிக்காவில் குடியிராத வெளிநாட்டவர்) என்று எழுதினால் போதும் என்றார். சேர்ந்து போட்டிருந்தால் அவருக்குக் கட்டணம் கூடத்தான் கிடைத்திருக்கும். வீட்டுப் பத்திரத்தைப் பற்றி அவராகக் கேட்டிராவிட்டால் நாங்கள் சொல்லியே இருக்க மாட்டோம்.

விட்டுப்போன வருஷங்களைச் சரிசெய்ய ஸ்ட்ரீம்லைன்ட் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மூன்று வருஷ ரிட்டர்ன், ஆறு வருஷ எஃப்பார், ஏன் விட்டுப்போனது என்று சொந்த வார்த்தையில் எழுதும் ஃபார்ம் 14653. வேண்டுமென்றே மறைக்கவில்லை என்றால் அபராதம் இல்லை. அந்த விளக்கத்தை அவர் எழுதித் தரவில்லை. "உங்க கதையை நீங்கதான் தம்பி எழுதணும், நான் இங்கிலீஷை மட்டும் திருத்துறேன்" என்று கணவரையே எழுத வைத்தார். லீவில் வந்திருந்தபோது கணவர் அந்த மாடியிலேயே மேசையில் உட்கார்ந்து எழுதினார். பிறகு ஒரு சிவப்புப் பேனாவைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு ரிட்டர்னின் முதல் பக்கத்திலும் 14653-இன் தலையிலும் "ஸ்ட்ரீம்லைன்ட் ஃபாரின் ஆஃப்ஷோர்" என்று சிவப்பில் எழுதச் சொன்னார். அந்தச் சிவப்பு எழுத்து விதியிலேயே இருக்கிறது. இல்லாவிட்டால் அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸின் டெக்சாஸ் ஆஸ்டின் ஆபீஸில் தபால் கட்டைப் பிரிப்பவர் சாதாரணத் தாமத ரிட்டர்ன் என்று நினைத்துவிடலாம். கடைசியில் தயாரித்தவர் என்ற இடத்தில் தன் பெயரையும், ரிட்டர்ன் தயாரிப்பவருக்கான பி.டி.ஐ.என். நம்பரையும் போட்டுக் கையெழுத்திட்டார். காசு வாங்கிக்கொண்டு ரிட்டர்ன் தயாரிக்கும் யாரும் இதைச் செய்தாக வேண்டும். கையெழுத்துப் போடத் தயங்குகிற ஆளிடம் பேப்பரைக் கொடுக்காதீர்கள். இவர் மூன்று பகுதித் தேர்வு எழுதி என்ரோல்டு ஏஜென்ட், அதாவது ஐ.ஆர்.எஸ். உரிமம் பெற்ற வரி ஆலோசகர் ஆனவர், ஐ.ஆர்.எஸ். தளத்தின் பட்டியலில் பெயரைத் தேடிப் பார்த்துக்கொண்டேன், இருக்கிறது.

ஐ-864-க்கு வரும்போது இன்னொரு சிக்கல். 2555 விலக்கு கழிந்த பிறகு 1040-இன் மொத்த வருமானக் கட்டத்தில் சம்பளமே காணாமல் போய், வட்டி மட்டும் நிற்கிறது. விசா அதிகாரி பார்த்தால் இந்த ஆளுக்கு வருமானமே இல்லை என்று தோன்றும். அதனால் 2555 படிவத்தையும் சம்பளச் சான்றிதழையும் இணைத்து, ஒரு பக்க விளக்கமும் வைக்கச் சொன்னார். இரண்டு பேர் குடும்பத்துக்கு 2025 கணக்கில் காட்ட வேண்டியிருந்த வருமானம் 26,437 டாலர், ஏழ்மைக் கோட்டில் 125 சதவீதம். துபாய்ச் சம்பளம் அதைத் தாண்டினாலும், அமெரிக்கா போனதும் அந்த வேலை நின்றுவிடும் என்பதால் அது எடுபடாது. ஆக, நியூஜெர்சியில் இருக்கும் கணவரின் சாச்சா கூட்டு ஸ்பான்சராக வந்தார். அவர் வந்தாலும் கணவர் தன் ஐ-864-ஐயும் தன் ரிட்டர்னையும் வைத்தே ஆக வேண்டும், தப்பிக்க வழியில்லை. நான் அங்கே குடியுரிமை பெறும் வரை, அல்லது 40 காலாண்டு வேலைக் கணக்கு சேரும் வரை பொறுப்பு சாச்சாவுக்கும் உண்டு, இடையில் விவாகரத்து ஆனாலும் அது தீராது என்பதைப் போனில் அவரிடமே எடுத்துச் சொன்னார். கையெழுத்துக்கு முன்னால் இதைச் சொல்வதுதான் நாணயம்.

குறைகளும் உண்டு. படி செங்குத்து, மாமிக்கு ஏற முடியவில்லை, கீழே டீக்கடையில்தான் உட்கார்ந்திருந்தார். போனை எடுக்க மாட்டார், வாய்ஸ் மெசேஜுக்கு மறுநாள் ராத்திரிதான் பதில். பாஸ்போர்ட் நகலை வாட்ஸப்பில் வாங்க மாட்டேன் என்று நேரில் வரச் சொல்வது தூரத்து ஆட்களுக்குக் கஷ்டம்தான், ஆனால் அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. விசா படிவங்களை அவர் நிரப்புவதில்லை, மும்பை இன்டர்வியூ பற்றிக் கேட்டால் "அது என் வேலை இல்லம்மா" என்று முடித்துவிடுவார். மொத்தக் கட்டணம் 45,000 ரூபாய், பாதி முன்பணம், ரசீது உண்டு. பெரிய ஊரில் இதே வேலைக்கு எங்களிடம் கேட்டது இதைவிட மிக அதிகம்.

துபாய் தேராவில் சொந்தக் கடை வைத்திருப்பவர்கள் இன்னும் சீக்கிரம் போய்ப் பார்க்க வேண்டும். சம்பளக்காரருக்குப் பூஜ்யமாகும் இடத்தில் சொந்தத் தொழிலுக்கு 15.3 சதவீத சுயதொழில் வரி நிற்கும், 2555 அதைத் தொடாது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஃபைல் பண்ணாமல் விட்டால், குடியிருப்பையே கைவிட்டார் என்று கேள்வி வரலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ரிட்டர்ன் போடும் கடைசி நாளான ஏப்ரல் 15 தானாகவே ஜூன் 15 ஆகிறது, ஃபார்ம் 4868 போட்டால் அக்டோபர் 15 வரை. எஃப்பாருக்கும் அக்டோபர் 15 வரை தானாக நீள்கிறது. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் பாதி வரை அவர் புது ஆட்களை எடுப்பதில்லை. போகும்போது பாஸ்போர்ட், மூன்று வருஷச் சம்பளச் சான்றிதழ், எல்லா வங்கிக் கணக்கின் ஆறு வருஷ ஸ்டேட்மென்ட், எல்.ஐ.சி. லெட்டர், நிக்காஹ் சான்றிதழ் எல்லாம் கையில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், கதவு பூட்டியிருக்கும்.