சுங்கை சிப்புட்டில் ஓர் இலவசச் சட்ட ஆலோசனை: நம்பிப் போகலாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைவீதியில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் இயங்கும் வழக்கறிஞர் அலுவலகம், சனிக்கிழமை காலைகளில் இலவசச் சட்ட ஆலோசனை வழங்குகிறது. போதைப்பொருள் வழக்கில் கைதான என் அக்காள் மகனுக்காக அக்காவை அங்கே அழைத்துச் சென்றேன். "ஒத்துக்கொண்டால் ஜாமீனுக்கு ஏற்பாடு செய்கிறோம்" என்று விசாரணையின்போது ஓர் அதிகாரி சொன்னதை நம்பித்தான் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டதாகப் பையன் சொல்லியிருந்தான்.

அக்கா அழுது முடிக்கும்வரை அந்த வழக்கறிஞர் அம்மையார் குறுக்கிடவில்லை. பிறகு, அதைச் சொன்ன அதிகாரி யார், சொன்ன வார்த்தைகள் என்ன, கையெழுத்துக்கு முன்பா பின்பா என்று நிதானமாகக் கேட்டு எழுதிக்கொண்டார். 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, அதிகாரத்தில் உள்ள ஒருவர் ஆசை காட்டியோ மிரட்டியோ வாக்குறுதி தந்தோ, ஒப்புக்கொண்டால் வழக்கில் நன்மை கிடைக்கும் என்று நியாயமாக நம்பவைத்துப் பெற்ற ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று விளக்கினார். சலுகை பற்றிய பேச்சு எல்லாமே வாக்குறுதி ஆகிவிடாது என்பதை அவர் இரண்டு இங்கிலாந்து வழக்குகளைக் கொண்டு புரியவைத்த விதம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. 1970இல் முடிந்த ஸாவெக்காஸ் வழக்கில், வாக்குமூலம் கொடுத்தால் ஜாமீன் கிடைக்குமா என்று கைதானவரே கேட்க, அதிகாரி ஆம் என்றார். அந்த ஒற்றைப் பதிலால் மேல்முறையீட்டில் தண்டனையே ரத்தானது. 1975இல் பிங் லின் வழக்கிலோ, பேரம் பேச முடியாது என்று அதிகாரி சொல்லிவிட்டு, காவல்துறைக்கு உதவினால் நீதிபதி அதைக் கருத்தில் கொள்வார் என்று மட்டும் குறிப்பிட்டதால், வாக்குமூலம் ஏற்கப்பட்டது.

காவல்துறையிடம் சொன்னது பொதுவாகச் சாட்சியமாகாது என்று 2007இலேயே சட்டம் மாறிவிட்டதே என்று நான் கேட்டேன். 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம், இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரியிடம் தந்த வாக்குமூலத்தை இன்னும் அனுமதிக்கிறது என்றும், ஆகவே இத்தகைய வழக்குகளில்தான் வாக்குறுதியைப் பற்றிய கேள்வி உயிரோடு இருக்கிறது என்றும் அவர் பதிலளித்தார். வாக்குமூலம் தன்விருப்பமானது என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்புடையது என்று கேட்டபோதுதான் அக்காவின் முகம் சற்றுத் தெளிந்தது.

பொய்யான நம்பிக்கையையும் அவர் தரவில்லை. வாக்குமூலம் தள்ளுபடியானாலும், கைப்பற்றிய பொருளும் மற்றச் சாட்சிகளும் அப்படியே நிற்கும் என்று நேராகவே சொன்னார். பையன் நினைவில் உள்ளதை, மறப்பதற்குள், தேதியும் நேரமும் சேர்த்து வழக்கறிஞரிடம் சொல்லிவிட வேண்டும் என்பதே அவர் கொடுத்த முதல் வேலை.

கூட்டம் அதிகம், நாற்காலிகள் குறைவு, மாடிப்படி செங்குத்தாக இருப்பதால் முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிரமம். ஆனாலும் இதைவிடப் பெரிய குறை வேறு. கைதானவர் விசாரணைக்கு முன் வழக்கறிஞரைத் தொடர்புகொள்ளும் உரிமையைச் சொல்லும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28அ பிரிவு பற்றி அவர்கள் தரும் துண்டறிக்கை மலாயில் மட்டுமே இருக்கிறது. தோட்டத்து லயங்களில் உள்ள தாய்மார்கள் அதைப் பிள்ளைகள் பிடிபடும் முன்பே படித்திருக்க வேண்டும். தமிழிலும் அச்சிட்டால், கோயில் திருவிழா நாளில் விநியோகிக்க நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.