உடைந்த ஃபிளாப் லிவருக்கு மாற்று: 3டி அச்சா, டெல்ரின் கடைசலா?

மதுரையில் இருந்துகொண்டு கார் ஹீட்டரைப் பற்றி எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பழைய கார்கள் பலவற்றில் ஹீட்டர் காயிலுக்குள் என்ஜின் தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும்; அதை அடைக்கும் வால்வு கிடையாது. குளிர்காற்று வேண்டுமென்றால் ஃபிளாப் என்ற தகடு அந்தக் காயிலை மூடிக்கொள்ளும், அவ்வளவுதான் ஏற்பாடு. தகட்டைத் திருப்பும் சிறு பிளாஸ்டிக் லிவர் உடைந்து தகடு பாதியில் நின்றுவிட்டால், ஏசியில் கேஸ் நிறைந்திருந்தாலும் கம்ப்ரஸர் ஒழுங்காக ஓடினாலும் வென்ட்டில் வெதுவெதுப்பான காற்றுதான் வரும். இதைக் கேஸ் குறைவு என்று எண்ணி மீண்டும் மீண்டும் நிரப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹீட்டரே தேவையில்லை என்றும் சொல்லிவிட முடியாது. வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும்போது கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தைப் போக்குவதற்கும், ஏற்றத்தில் சூடேறும் என்ஜினுக்குச் சற்று இளைப்பு கொடுப்பதற்கும் அதுதான் உதவுகிறது.

என் கார் உற்பத்தி நின்றுபோன மாடல். அந்த லிவரைத் தனியாக எப்போதும் விற்றதில்லை. ஹீட்டர் பெட்டியை முழுதாகத்தான் வாங்க வேண்டும், அதுவும் இப்போது கிடைப்பதில்லை. எனவே பழைய காரிலிருந்து கழற்றிய லிவர், ரெசினில் வார்த்தது, 3டி அச்சில் எடுத்தது, டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் பலகையில் கடைந்தது என்ற நான்கு வழிகள் எஞ்சின. நான் தேர்ந்தெடுத்தது கடைசி வழி. அதன் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பழைய பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னை புதுப்பேட்டையில் சொல்லிவைத்தால் கிடைக்கக்கூடும். அளவும் பொருத்தமும் சரியாகவே இருக்கும். ஆனால் உடைந்தது எத்தனை கோடையைப் பார்த்ததோ, ஏறக்குறைய அத்தனையை அதுவும் பார்த்திருக்கும். ரெசின் வார்ப்பு, ஒரே அச்சிலிருந்து பல பிரதிகள் வேண்டியவர்களுக்கு ஏற்றது. உடைந்த லிவரை ஒட்டி, செப்பனிட்டு, அதைச் சுற்றிச் சிலிக்கான் ஊற்றி அச்சு எடுத்தால் நுணுக்கமான வடிவமும் பிசகாமல் வரும். எனினும் அறை வெப்பத்தில் உறையும் சாதாரண எபாக்சி 50, 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். சூட்டடுப்பில் மேலும் பதப்படுத்தினால் இந்த வரம்பு உயரும் என்றாலும், ஒரே ஒரு லிவருக்கு அந்தப் பாடு எனக்கு அதிகமாகப் பட்டது. அலுமினியத்தில் செய்துவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் லிவர் உடையாது. அது மாட்டியிருக்கும் ஃபிளாப்பின் பிளாஸ்டிக் தண்டு தேய்ந்துவிடும், அல்லது முறிந்துவிடும். தண்டு போனால் பெட்டியையே பிளக்க வேண்டும். ஆகவே, உடையவேண்டிய நிலை வந்தால் லிவர்தான் முதலில் உடைய வேண்டும்.

மிச்சமிருந்த இரண்டு வழிகளுக்கிடையே முடிவைத் தீர்மானித்தது வெப்பம். விலையோ பலமோ அன்று. இன்னும் துல்லியமாகச் சொன்னால், வெப்பத்தில் நீண்ட காலம் ஒரே பக்கமாகத் தாங்கும் சுமை. குளிர் நாடுகளில் டேஷ்போர்டில் உள்ள சூடு-குளிர் குமிழைப் பருவத்துக்கேற்பத் திருப்புவார்கள். லிவரும் அங்குமிங்கும் அசையும். நம் ஊரில் காரை வாங்கிய நாளன்று நீலக் கோடியில் வைத்த குமிழை அதன்பின் தொடுவதே அபூர்வம். ஃபிளாப்பின் விளிம்பில் உள்ள நுரைப்பட்டை நசுங்கும் அளவுக்கு, குமிழிலிருந்து லிவருக்கு வரும் கேபிள் இழுத்துப் பிடித்திருக்கும். அந்த இழுப்பை லிவர் ஆண்டு முழுவதும் ஒரே திசையில் தாங்கி நிற்கும். சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 40 டிகிரியை ஒட்டும் வெயிலில் கண்ணாடியை ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு மேற்பரப்பு 70 டிகிரியைத் தாண்டும். அதன் அடியில், 80 முதல் 90 டிகிரி வரை சூடான தண்ணீர் ஓடும் காயிலின் பக்கத்தில், லிவர் இருக்கிறது. பெட்டிக்கு வெளிப்புறத்தில் மாட்டியிருப்பதால் முழுச் சூடும் அதன் மேல் படாது. ஆனாலும் என்ஜினை அணைத்தபின் தேங்கும் வெப்பம் போவதற்கு வழியில்லை. இத்தகைய இடத்தில் பிளாஸ்டிக் ஒரே நாளில் உடைவதில்லை. சுமை இழுக்கும் பக்கமாகச் சிறிது சிறிதாக வளைந்துகொடுக்கும். ஃபிளாப் முழுமையாக மூடாது; காற்றில் சூடு கலக்கும்; லிவர் மட்டும் பார்வைக்கு உடையாமல் முழுதாகவே இருக்கும்.

3டி அச்சுக்குப் பயன்படும் பிளாஸ்டிக் இழைகளை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் பாதி அப்போதே விலகிவிடும். பிஎல்ஏ சுமார் 60 டிகிரியிலும், பெட்ஜி சுமார் 80 டிகிரியிலும் இளகும். ஏஎஸ்ஏ, ஏபிஎஸ் ஆகியவை 100 டிகிரியை ஒட்டி இளகுபவை. சுமை இருக்கும்போது அதற்கு முன்பே தளரத் தொடங்கும் என்பதால், கணக்குப்படி ஏஎஸ்ஏ தாங்கும், ஆனால் மிச்சமிருக்கும் இடைவெளி அதிகமில்லை. கார்பன் இழை கலந்த நைலான் இவற்றைவிட நன்கு தாங்கும்; அதை அச்சிடுவதற்கு, இழையை உருக்கிப் பிழியும் முனை தேயாததாகவும், இழை ஈரம் போக உலர்த்தியதாகவும், இயந்திரம் அதற்கேற்றதாகவும் இருக்க வேண்டும். நான் விசாரித்த இடங்களில் பெரும்பாலும் கைவசம் இருந்தவை பிஎல்ஏவும் பெட்ஜியும்தான்.

அச்சுக்கு இன்னொரு குறையும் உண்டு. அடுக்கடுக்காக எழும்பும் பொருள் அடுக்குகளுக்கு இடையே பலவீனமானது. லிவரைப் படுக்கவைத்து அச்சிட்டால் அதன் நீண்ட கை பலமாக இருக்கும். ஆனால் கேபிள் மாட்டும் சிறு முனை செங்குத்தாக எழும்புவதால் அடுக்கோடு முறியும். நிறுத்திவைத்து அச்சிட்டால் கை முறியும். துளை மட்டும் விட்டு, முனைக்குப் பதிலாக ஓர் எஃகுத் திருகாணியை மாட்டுவதே இதற்கு வழி. அச்சிட்ட துளைகள் வரைபடத்தைவிடச் சற்றுச் சிறியதாகவே வரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

டெல்ரின் என்று கடைகளில் சொல்வது பாலிஅசிட்டால் என்ற பிளாஸ்டிக். 1960இல் டூபான்ட் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த வணிகப்பெயர், பிறகு அந்த வகைக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது. அதன் உருகுநிலை சுமார் 175 டிகிரி. உடன்பிறப்பான கோபாலிமர் வகைக்குச் சுமார் 165. அதன் கட்டமைப்பு பெரும்பகுதி படிகத்தன்மை கொண்டது. எனவே ஏபிஎஸ்ஸைப் போல ஒரு குறிப்பிட்ட வெப்பத்தில் சட்டென்று தளர்ந்துவிடுவதில்லை, உருகுநிலையை நெருங்கும்வரை உருவத்தைக் காத்துக்கொள்ளும். வழுவழுப்பானது, தண்டில் உரசினாலும் தண்டைத் தின்னாது. நைலானும் வெப்பம் தாங்கும், கடைசல்காரர்களுக்குப் பழக்கமானதும் அதுதான். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி ஊதும். ஆறு மில்லிமீட்டர் தண்டில் இறுக்கமாக உட்கார வேண்டிய துளைக்கு அது ஒத்துவராது. டெல்ரின் உறிஞ்சும் ஈரம் மிகக் குறைவு.

மதுரையில் கடைசல் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை, கே.புதூரிலும் கப்பலூரிலும் தொழிற்பேட்டைகளே இருக்கின்றன. கஷ்டமெல்லாம் வேலையை விளக்குவதில்தான். உடைந்த துண்டுகளை ஒட்டி, வெர்னியர் அளவுகோலில் அளந்து, காகிதத்தில் முழு அளவில் வரைந்து கொடுத்தேன். கருப்பு டெல்ரின் பலகையில் வெளிவடிவத்தை மில்லிங்கில் வெட்டி, துளையிட்டு, அதன் ஒரு பக்கத் தட்டையை அரத்தால் ராவி முடித்தார்கள். இரண்டு விஷயங்களை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். ஒன்று, கையும் துளைப்பகுதியும் சேரும் உள்மூலைகளைக் கூராக விடாமல் குறைந்தது ஒரு மில்லிமீட்டராவது வளைவாக்க வேண்டும். பழைய லிவர் பிளந்தது அந்தக் கூரான மூலையிலிருந்துதான். மற்றொன்று, கூர்மழுங்கிய கருவியால் அழுத்தித் தேய்க்கக் கூடாது. அதிகமாகச் சூடானால் டெல்ரின் கண்ணெரிக்கும் ஃபார்மால்டிஹைடு புகையை விடும். கேபிள் முனைக்கு இதிலும் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியைத்தான் போட்டோம்.

எந்த வழியில் செய்தாலும் மாட்டுவதற்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. லிவரை ஒரு கம்பியில் கோத்து, கையின் நுனியில் ஒரு எடையைத் தொங்கவிட்டு, கொதிக்கும் தண்ணீரில் சிறிது நேரம் வைத்துப் பார்க்கலாம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வாங்கிய பெட்ஜி பிரதி வெந்த சேமியாவைப் போலத் தொங்கிவிட்டது. ஏஎஸ்ஏ லேசாக வளைந்தது. டெல்ரினில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இல்லை. ஆண்டுக்கணக்கான சுமைக்கு இது ஈடான சோதனை ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் லிவர் இதுவரை முழுமையாகக் கடந்திருப்பதும் ஒரு கோடையைத்தான்.

விலையில் 3டி அச்சுக்கும் டெல்ரின் கடைசலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இருந்தாலும் பொருட்படுத்தத் தேவையில்லை. டேஷ்போர்டைக் கழற்றி மாட்டும் கூலிக்கு முன் லிவரின் விலை ஒன்றுமே இல்லை. அதனால்தான் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் பொருளின் பக்கம் நான் இவ்வளவு சாய்கிறேன். திறந்த கையோடு கேபிளையும் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலும் லிவரை முறிப்பது துருவேறி இறுகிய கேபிள்தான். பொடிந்துபோன நுரைப்பட்டையை மாற்றிவிட்டு, மூட்டுகளில் சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும்.

வெளியே தெரியும் வென்ட் கிரில், அதன் இறகுகள், வளைந்த காற்றுக்குழாய் ஆகியவற்றுக்கு என் பரிந்துரை தலைகீழாக மாறும். அந்த வளைவுகளைப் பட்டறையில் வெட்டுவது வீண்செலவு. டெல்ரின் வெயிலின் புற ஊதாக் கதிருக்கு எளிதில் வெளுத்து வெடிக்கும், பசையும் அதில் ஒட்டாது. அங்கே ஏஎஸ்ஏ அச்சுக்கு நிகரில்லை. சுமை இல்லாத இறகுக்கு அதன் வெப்பவரம்பும் போதும்.

கேபிளுக்குப் பதில் மோட்டாரால் ஃபிளாப்பைத் திருப்பும் பிந்தைய கார்களில் உடைவது லிவரைவிடச் சிறு பற்சக்கரமாகவே இருக்கும். பற்சக்கரம் செய்த அனுபவம் எனக்கு இல்லை. 0.4 மில்லிமீட்டர் அச்சு முனையால் அவ்வளவு நுண்ணிய பற்களைச் சுத்தமாக அச்சிடுவது கடினம். பட்டறையிலும் அந்த அளவுக்கேற்ற பல்வெட்டும் கருவி இருக்க வேண்டும். அந்த மோட்டார் தனியாக விற்கப்படும் மாடலாக இருந்தால், நானாக இருந்தால் செய்ய முயலாமல் வாங்கிவிடுவேன்.