கூடாரமே இல்லாத வயலுக்கு 1,180 யூரோ: கிளாம்பிங் பதிவு செய்பவர்கள் கவனம்

1,180 யூரோ. பிள்ளைகள் இருவரோடும் மாமியோடும் ஒரு கிழமை கிராமத்தில் இருந்துவிட்டு வரலாம் என்று கிளாம்பிங்குக்கு, அதாவது கட்டில் அடுப்பெல்லாம் உள்ள வசதியான கூடாரத்தில் தங்க, நாங்கள் கட்டிய காசு அது. போய் இறங்கிய வயலில் கூடாரமே இல்லை. கோபம் ஆறிய பிறகு எழுது என்று இவர் சொல்கிறார். அதுவரை காத்திருந்தால் ஓகஸ்ட் விடுமுறைக்கு இன்னொரு குடும்பம் அதே வயலுக்குக் காசு கட்டிவிடும். இன்று காலையிலும் பார்த்தேன், விளம்பரம் நாங்கள் பதிவு செய்த இணையத்தளத்தில் அப்படியே நிற்கிறது.

இடம் பிரான்சின் குரூஸ் மாவட்டம், லா சூதெரேனுக்குப் பக்கத்துக் கிராமம். பாரிஸிலிருந்து 350 கிலோமீட்டருக்குக் கிட்ட. வியர்சோனில் ஆ20 (A20) பெருந்தெருவில் ஏறிவிட்டால் சுங்கக் கட்டணம் இல்லை. கருங்கல் வீடுகள், செம்பழுப்பு நிற லிமூசின் மாடுகள், வைக்கோல் உருளைகள் கிடக்கும் வயல்கள். ஊருக்குள் கடை கிடையாது, காலையில் பாண் வண்டி ஒன்று வந்து ஹோர்ன் அடித்துவிட்டுப் போகும். இப்படியொரு ஊர்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது. மாமி வவுனியாவில் மாடு வளர்த்தவர். இங்கே ஏழாம் மாடியில் யன்னலைப் பார்த்தபடி இருக்கிறார். அவருக்காகத்தான் கடலோரத்தை விட்டுவிட்டு இதைத் தேடினோம்.

யூர்ட் என்கிற வட்டக் கூடாரம், மரவீடு, குவிமாடக் கூடாரம் என்று எல்லாவற்றையும் ஓரிடத்தில் காட்டும் ஒரு முன்பதிவுத் தளம். படத்தில் வெள்ளைக் குவிமாடம், உள்ளே நல்ல கட்டில்கள், விறகு அடுப்பு, வெளியே பலகைத் தளம், சுடுதண்ணீர்த் தொட்டி. கீழே பாராட்டிக் கருத்துகள் நிறைய. 30 வீதம் முற்பணம், அதாவது 354 யூரோ, வங்கி அட்டையால் தளத்திலேயே கட்டினேன்.

மறுநாள் கூடாரத்தை வாடகைக்கு விடும் ஆள் தானாகவே போன் எடுத்தார். இதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. பிள்ளைகளுக்கு என்ன வயது என்று கேட்டார். மாமி வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவார் என்றேன். பக்கத்துத் தோட்டத்திலிருந்து கோர்ஜெத்தும் தக்காளியும் வாங்கி வைக்கிறேன், பால் கறக்கும் இடத்துக்கு அவரைக் கூட்டிப்போகச் சொல்கிறேன் என்றார். மாமிக்கு முழங்கால் வருத்தம், பலகைத் தளத்துக்கு ஏற எத்தனை படி என்று கேட்டேன். மூன்று படி, பிடிமானம் ஒன்று அடித்து வைக்கிறேன் என்றார். அரை மணி நேரம் அவ்வளவு பொறுமையாகக் கதைத்தார். போனை வைத்ததும் மாமியிடம் போய்ச் சொன்னேன். அன்றைக்கே அவர் துணி எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார்.

பயணத்துக்குச் சில கிழமைகள் முன்பு மீதி 826 யூரோவை வங்கி மாற்றலாக அனுப்பும்படி செய்தி வந்தது. வந்தது எங்கே? அந்தத் தளத்தின் உள்ளேயே இருக்கும் செய்திப் பெட்டியில், எங்கள் பதிவு இலக்கத்தோடு. கணக்குப் பெயரும் ஒப்பந்தத்தில் இருந்த நிறுவனப் பெயரும் ஒன்றுதான். 2025 அக்டோபரிலிருந்து ஐரோப்பாவில் யூரோ மாற்றல்களுக்குப் பெயரும் கணக்கும் பொருந்துகிறதா என்று வங்கி சரிபார்க்க வேண்டும். பொருந்துகிறது என்றே காட்டியது. பெயர் சரியாக இருந்தால் கணக்கு அவருடையது என்பது மட்டும்தான் உறுதி. வயலில் கூடாரம் நிற்கிறதா என்று வங்கிக்கு எப்படித் தெரியும்?

சனிக்கிழமை பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். பலகைத் தளம் மட்டும் இருந்தது. பலகை இடுக்கெல்லாம் காஞ்சோண்டி வளர்ந்திருந்தது. ஆள் போன் எடுக்கவில்லை, குரல் பெட்டி நிரம்பிவிட்டது என்று பதிவுக் குரல் சொன்னது. உழவு இயந்திரத்தில் வந்த ஒரு வயதான அம்மா எங்களைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்தினார். நிலம் அவருடையது. "நீங்களும் கூடாரத்துக்கா வந்தீர்கள், மதாம்?" என்றார். நிலவாடகை கொடுக்காமல் இருந்தவன், வசந்தகாலத்திலேயே கூடாரத்தைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டானாம். எங்களுக்கு முன்பும் ஆட்கள் வந்து அழுதுவிட்டுப் போயிருக்கிறார்கள். மெரியில், அதாவது ஊர் நிர்வாக அலுவலகத்தில், எல்லோருக்கும் தெரியும் என்றார். தன் செலவில் முன்பதிவுத் தளத்துக்குப் பதிவுத் தபாலும் போட்டிருக்கிறார், பதில் இல்லை. அவர்தான் மாமியை உள்ளே கூட்டிப்போய் இருத்தி, பாலும் பாணும் தந்து, பக்கத்துச் சிறு நகரில் நகரசபை நடத்தும் முகாமுக்குப் போன் எடுத்து அன்றிரவுக்கு ஓர் இடம் பிடித்துத் தந்தார். அந்த ஊரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

இனி முன்பதிவுத் தளத்தின் கதை. முதல் பதில்: விருந்தளிப்பவரைத் தொடர்புகொள்ளுங்கள். அவர் எடுக்கவில்லை என்றால், 48 மணி நேரம் பொறுங்கள். பிள்ளைகளோடு வயலில் நின்றுகொண்டு 48 மணி நேரம் பொறுப்பதா? அடுத்து இன்னொருவர், 14 நாளில் மனம் மாறிப் பணம் திரும்பக் கேட்கும் உரிமை திகதி குறித்த தங்குமிடங்களுக்குப் பொருந்தாது என்று சட்டப் பிரிவோடு எழுதினார். சட்டம் அப்படித்தான், எனக்கும் தெரியும். ஆனால் நாங்கள் மனம் மாறவில்லையே, கூடாரம் இல்லை! மூன்றாவது ஆள், 826 யூரோ தளத்துக்கு வெளியே போன காசு, அதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றார். கேட்ட செய்தி உங்கள் பெட்டியில் வந்தது என்று படம் எடுத்து அனுப்பினேன். அதற்குப் பதிலாக 150 யூரோ பற்றுச்சீட்டு, ஒரு வருடத்துக்குள் அதே தளத்தில் பாவிக்கலாமாம். 1,180 யூரோ போனவர்களுக்கு 150 யூரோ, அதையும் அவர்களிடமே செலவழிக்க வேண்டும். பெயரைப் பொதுவில் எழுதினால் அவதூறு வழக்கு என்றும் கடைசியில் ஒரு வரி. அதனால்தான் இங்கே பெயர் போடவில்லை.

வங்கி, மாற்றலை நீங்களே அனுமதித்தீர்கள் என்கிறது. காசை மீளப் பெற முயன்றது, பெறுநர் மறுத்துவிட்டாராம். அட்டையால் போன 354 யூரோவுக்கு மட்டும் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது.

என்னை எரிச்சலூட்டுவது இதுதான். அது சில நூறு பேர் உள்ள ஊர். யார் எங்கே கூடாரம் போட்டிருக்கிறார்கள் என்று மெரியில் இருக்கும் செயலாளருக்குக் கட்டாயம் தெரியும். ஒரே ஒரு போன் போதும். தரகுப்பணம் எடுக்கும் தளம் அந்த ஒரு போனை எடுக்கவே இல்லை, நிலத்துச் சொந்தக்காரி எழுதிய பிறகும்கூட.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், வேலைக்கு நேரமாகிறது. காசு கட்ட முன்பு அந்த ஊர் மெரிக்குப் போன் எடுங்கள், ஆனால் சின்ன ஊர்களில் கிழமையில் சில காலைகள்தான் திறப்பார்கள். முழுத் தொகையும் அட்டையால் மட்டும், வங்கி மாற்றல் வேண்டவே வேண்டாம். கருத்துகள் எத்தனை என்று பார்க்காதீர்கள், கடைசிக் கருத்தின் திகதியைப் பாருங்கள். எங்களுடையதில் கடைசி போன வருடம் செப்டெம்பர். ஏமாந்துவிட்டால் அங்கேயே படம் எடுங்கள், அயலவரிடம் அடையாள அட்டைப் பிரதியோடு சாட்சிக் கடிதம் வாங்குங்கள். அப்புறம் நுகர்வோர் முறைப்பாடுகளுக்கான அரசின் சிக்னல்கொன்சோ தளத்திலும், பொலிஸின் இணைய மோசடி முறைப்பாடான தெசேயிலும் போடுங்கள். நாங்கள் இரண்டிலும் போட்டுவிட்டோம். தளத்துக்குப் பதிவுத் தபாலும் போய்விட்டது; இரண்டு மாதத்தில் பதில் இல்லையென்றால் அவர்களுடைய விதிகளில் பெயர் குறித்த நுகர்வோர் மத்தியஸ்தரிடம் இலவசமாகப் போகலாம்.

ஓகஸ்டுக்கு லா சூதெரேன் பக்கம் வெள்ளைக் குவிமாடம் பதிவு செய்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால், இப்போதே மெரிக்குப் போன் எடுங்கள். இன்று வெள்ளி, மதியம் வரைதான் திறந்திருக்கும்.