ஈஆர்பி போட்டுத் தருகிறோம் என்று வந்தவர்களிடம் 12 லட்சத்து 60 ஆயிரம் இழந்தோம்

புதுச்சேரி மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு, கடலூர் சிப்காட் பக்கம் கம்பெனி நடத்துகிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். நாங்கள் மேட்டுப்பாளையத்தில் பேக்கிங் ஃபிலிம் போடுகிறோம், கடலூரில் ஒரு கோடவுன். கணக்கோடு சேர்த்துக் கம்ப்யூட்டர் வேலையும் என் பொறுப்பு. போன வருடம் ஒரு மென்பொருள் குழு வந்து, ஆறே மாதத்தில் ஸ்டோர்ஸ், புரொடக்ஷன், பில்லிங் எல்லாம் ஒரே ஈஆர்பியில், அதாவது கம்பெனி வேலை முழுவதையும் சேர்த்து நடத்தும் ஒரே மென்பொருளில், ஓடும், கூடவே உங்கள் ஆட்கள் வேலை பார்க்கிற முறையையும் அஜைலுக்கு (வேலையைச் சின்னச் சின்னப் பகுதியாக முடித்துக் காட்டி, பார்த்துப் பார்த்துத் திருத்தும் முறை) மாற்றித் தருகிறோம் என்றார்கள். 14 லட்சம் பேசி முடித்தோம்.

என்னென்ன செய்வீர்கள் என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். அஜைலில் அப்படி முதலிலேயே எழுத மாட்டோம் சார், போகப்போக முடிவாகும் என்றார்கள், நானும் தலையாட்டினேன். அங்கேதான் தப்பு. எல்லாவற்றையும் முன்பே எழுதவில்லை என்றால், இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை ஓடுகிற ஒரு பகுதியைக் கையில் கொடுத்து, நாம் போட்டுப் பார்த்த பிறகுதான் பணம் வாங்க வேண்டும். இவர்கள் போட்ட கணக்கோ அட்வான்ஸ் 30 சதவீதம், டிசைன் டாக்குமென்டுக்கு 30, டெவலப்மென்ட் முடிந்தது என்றதும் 30, கோ-லைவுக்குப் பிறகு, அதாவது நிஜ வேலையில் ஓட ஆரம்பித்த பிறகு, 10. எங்கள் ஆள் ஒருவர்கூட ஒரு பில் போடும் முன்பே 12 லட்சத்து 60 ஆயிரம் போய்விட்டது. ‘டெமோ பார்த்தோம், நன்றாக இருக்கிறது’ என்று நான் அனுப்பிய மெயிலைத்தான் சைன்-ஆஃப் (வேலை சரி என்று நாங்கள் கொடுத்த ஒப்புதல்) என்று நீட்டினார்கள்.

டெமோவில் இருந்தது அவர்களே டைப் செய்த பத்து ஐட்டம். எங்களுக்கு ஃபிலிம் ரோல் கிலோவில் வரும், மெஷினுக்கு மீட்டரில் போகும், மீதி ரோல் திரும்ப கிலோவில் ஸ்டோருக்கு வரும். கடலூர் ஸ்டோர்ஸ் அண்ணன் முதல் நாள் மீதி ரோல் 38 கிலோ என்று போட்டதும் அது 38 மீட்டர் என்று ஏறியது. அவர் பேசாமல் தன் நீல நோட்டை எடுத்து அதிலும் எழுதிக்கொண்டார். பில்லிங்கிலும் இதே கதி. 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் இருந்தால் 2023 ஆகஸ்ட் 1 முதல் ஈ-இன்வாய்ஸ் (ஜிஎஸ்டி போர்ட்டலில் பதிவாகும் பில்) கட்டாயம், அந்தப் பதிவில் கிடைக்கும் ஐஆர்என் நம்பர் இல்லாத பில் செல்லாது. இவர்கள் மென்பொருளில் ஐஆர்என் வராமல் லோடு ஏற்றிய லாரி சாயங்காலம் வரை கேட்டிலேயே நின்றது.

தினமும் காலை ஒன்பதரைக்கு ஸ்டாண்ட்-அப் (அஜைலில் தினமும் நடக்கும் சின்னக் கூட்டம், டெய்லி ஸ்க்ரம் என்றும் சொல்வார்கள்) என்று எல்லோரையும் வீடியோ காலில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் ஒவ்வொருவராகக் கணக்குக் கேட்டார்கள். சரக்கு இறங்குகிற நேரமே அதுதான். அஜைலில் ஒரு வகையான ஸ்க்ரமுக்கு உள்ள ஸ்க்ரம் கைடு என்ற வழிகாட்டி இலவசமாகவே கிடைக்கிறது, டெய்லி ஸ்க்ரம் 15 நிமிடம், வேலை செய்கிறவர்கள் அன்றைய வேலையைத் தங்களுக்குள் திட்டமிட என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதை நான் படித்தது பணம் போன பிறகு.

சரி, வேறு ஆளை வைத்துச் சரிசெய்யலாம் என்று சோர்ஸ் கோடு (மென்பொருளின் மூல நிரல்) கேட்டால், அது எங்களுடையது, தனியாக 3 லட்சம் என்றார்கள். மென்பொருள் ஓடுகிற கிளவுட் (இணைய சர்வர்) கணக்கும் அவர்கள் மெயில் ஐடியில், அட்மின் பாஸ்வேர்டும் அவர்களிடம். வக்கீலிடம் போனோம். பணம் கொடுத்து வெளியாரிடம் செய்து வாங்கினாலும், எழுத்தில் மாற்றித் தராதவரை 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி சோர்ஸ் கோடின் உரிமை அதை எழுதியவர் பக்கமே இருக்கும் என்றார். எழுதி வாங்கினாலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான் செல்லுமாம், எங்கள் அக்ரிமென்டிலோ அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை.

மறுபடி பழைய கணக்கு மென்பொருளான டேலிக்கே வந்துவிட்டோம். ஸ்டாக் கணக்கைக் காப்பாற்றியது அண்ணனின் நீல நோட்டுதான். இப்போது வேறொரு சின்னக் குழு ஸ்டோர்ஸை மட்டும் செய்கிறது, கிளவுட் கணக்கு எங்கள் பெயரில், எங்கள் சரக்கை அண்ணன் கையாலேயே ஏற்றிப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் அந்த மாதப் பணம். காலைப் பேச்சு லாரி வரும் முன்பே, எட்டேமுக்காலுக்கு, பதினைந்தே நிமிடம்.

யாராவது இந்த வாரம் அக்ரிமென்டில் கையெழுத்துப் போடுவதாக இருந்தால் இரண்டு நாள் தள்ளிப்போட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், சோர்ஸ் கோடு பற்றியும் பாஸ்வேர்டு பற்றியும் அக்ரிமென்டில் சேர்க்க வக்கீல் எழுதித் தந்த இரண்டு பத்தியை அனுப்புகிறேன்.