மான்ட்கோமரி கவுண்டி கருத்துக்கேட்புக் கூட்டம்: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் எங்கள் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) கவுன்சில் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டங்களைப் பற்றி இது. காசு கிடையாது. கவுன்சில் கூடும் ராக்வில் ஊர் வரை வண்டி ஓட்டிப் போகவும் வேண்டாம், நேரலையிலேயே பார்க்கலாம். பேச வேண்டுமானால் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். கூச்சப்படுகிறவர்கள் எழுதி அனுப்பிவிடலாம்.

நான் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தது 2020-இல், கொரோனா சமயத்தில். அப்போது இங்கே ஒரு விதி இருந்தது. ஒரு வட்டாரத்துப் பள்ளிகளில் ஐந்து வருடம் கழித்துப் பிள்ளைகளின் எண்ணிக்கை கொள்ளளவில் 120 சதவீதத்தைத் தாண்டும் என்று கணக்கு வந்தால், அந்த வட்டாரத்தில் புது வீடுகளுக்கு ஒரு வருடம் அனுமதி கிடையாது. 2019 ஜூலையில் எங்கள் சில்வர் ஸ்பிரிங் பக்கமும் அதில் மாட்டியது. அந்தத் தடை தொடரலாமா, எடுத்துவிடலாமா என்பதுதான் பேச்சு.

தடை இருக்கட்டும் என்பவர்களின் கோபம் எனக்கு நன்றாகவே புரியும். என் பையன் அதற்கு முந்தைய வருடம் மைதானத்தில் இறக்கி வைத்த போர்ட்டபிள் வகுப்பில்தான் படித்தான். மழை நாளில் பாத்ரூம் போகக் கோட்டை மாட்டிக்கொண்டு பெரிய கட்டடத்துக்கு ஓட வேண்டும். ஏசி உறுமினால் டீச்சர் சொல்வது பின்வரிசைக்குக் கேட்காது.

ஆனால் திட்டத் துறை முன்வைத்த கணக்கு வேறு. நெரிசலுக்குப் பெரிய காரணம் புது அபார்ட்மென்ட் இல்லை. பழைய தனி வீடுகளை வயதானவர்கள் விற்க, அங்கே சின்னப் பிள்ளைகளோடு குடும்பங்கள் வந்து சேர்வதுதான். அட, நாங்களே அப்படி வந்தவர்கள்தானே! ஒரு வயதான தம்பதியிடம் வாங்கிய வீடு. குடிவரும்போது இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. இதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை, எந்தத் தடையும் எங்களை நிறுத்தியிருக்காது. நின்றது புதுக் கட்டடங்கள் மட்டும். அவற்றோடு, கட்டுபவர்கள் பள்ளிகளுக்காகச் செலுத்தும் வரியும் நின்றது. வகுப்பறை கட்டப் பணம் பிறகு எங்கிருந்து வரும்?

அந்த நவம்பரில் தடை விதியைக் கவுன்சில் நீக்கிவிட்டது. நெரிசலான வட்டாரத்தில் வீடு கட்டுபவர் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும் என்று மாற்றினார்கள். எனக்கு இது சரியாகவே படுகிறது. வாடகை ஏற்றத்தைப் பார்த்த யாரும் புது வீடே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஒரு நட்சத்திரம் குறைத்தது கவுன்சிலால் அல்ல, நம் ஜனங்களால். இரண்டு தரப்பிலும் ஒரே கடிதத்தை ஆளுக்கு ஒரு முறை வாசித்தார்கள். நீங்கள் பேசப் போவதாக இருந்தால் வீட்டிலேயே டைமர் வைத்து ஒரு முறை படித்துப் பாருங்கள். அப்புறம், "நான் இங்கே பல வருடமாக வசிக்கிறேன்" என்ற முதல் வரியை வெட்டிவிடுங்கள். கிடைப்பது சில நிமிடம்தான்.